மேசைமேல் போடி பாசஞ்சர்

காலித் தீப்பெட்டிகளை நூலில் கோத்து ரயில் விட்டிருப்பீர்கள் அல்லவா? அதே விளையாட்டைக் கணக்கோடு செய்தால் அதுதான் மாதிரி ரயில் கலை. இதில் அதிகம் வழங்கும் அளவு எச்.ஓ. எனப்படுவது. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் அசலில் 87-இல் ஒரு பங்கு.

தேனி வழியாக மதுரைக்கும் போடிநாயக்கனூருக்கும் ஓடிய பழைய பாசஞ்சரை இந்த அளவில் செய்வோமா? 1928-இல் திறந்த அந்தப் பாதை மீட்டர் பாதை. தண்டவாள இடைவெளி 1000 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் சுமார் பதினொன்றரை மி.மீ. வரும். கடையில் விற்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ. அது 1435 மி.மீ. இடைவெளியுள்ள ஐரோப்பியப் பாதைக்காகச் செய்தது. நம் வண்டி அதன்மேல் காலை அகட்டிக்கொண்டுதான் நிற்கும்.

எடையில் இன்னொரு வேடிக்கை. மூன்று பக்கமும் சுருங்குவதால் எடை 87 × 87 × 87 மடங்கு, அதாவது ஆறரை லட்சம் மடங்குக்கு மேல் குறையவேண்டும். 72 டன் எடையுள்ள ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின் சுமார் 110 கிராம் ஆகிவிடும்! அவ்வளவு லேசாக இருந்தால் சக்கரம் பிடிப்பின்றி வழுக்கும். ஆகவே எஞ்சினுக்குள் உலோகக் கட்டி வைத்துக் கனமாக்குகிறார்கள்.

வேகம்தான் பெரிய சோதனை. பொம்மை ரயில் வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடினால் அசலில் அது மணிக்கு 313 கி.மீ. போடி பாசஞ்சர் புல்லட் ரயிலாகிவிடும்! மணிக்கு 45 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், மாதிரி வண்டி வினாடிக்குச் சுமார் 14 செ.மீ. நகரவேண்டும். மோட்டார் திணறாமல் அப்படி ஊர்வது எளிதல்ல.

அந்த மெதுநடையைத்தான் அன்று நம்மவர்கள் கேலி செய்தார்கள். "பஸ்ஸில் போனால் முன்னாடியே போய்விடலாம்" என்பார்கள். அகலப் பாதையாக்குவதற்காக 2010 டிசம்பர் முடிவில் வண்டி நின்றபோதுதான் அருமை தெரிந்தது. தேனிக்கு மீண்டும் ரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு 2023 ஜூனில். 2011-இல் தேனியில் பிறந்த குழந்தை, தன் ஊரில் பயணிகள் ரயிலைப் பார்ப்பதற்குள் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கும். மெதுவாக ஓடுகிறது என்று பழித்தவர்களும் கூட்டத்தோடு நின்று வரவேற்றார்கள்.

மதுரையிலிருந்து போடி 90 கி.மீ. மாதிரியில் ஒரு கி.மீ.க்குச் சற்று மேல். எந்த வீட்டில் இடம் இருக்கிறது? ஆண்டிபட்டிக் கணவாய், ஒரு நிலையம், இரண்டு பெட்டி போதும். கம்பத்துக்கு இன்றுவரை ரயில் பாதை இல்லை. கூடலூர்க்காரரும் ரயிலேறத் தேனிக்கோ போடிக்கோ வரவேண்டியிருக்கிறது. உங்கள் மேசையில் மட்டும் கம்பம் வரை தண்டவாளம் போட்டுக்கொள்ளலாம். யாரிடமும் மனுக் கொடுக்கவேண்டாம்.