உங்களுக்குத் தெரியுமா? திரைப்படமான தாயின் போராட்டம்

2005 செப்டம்பரில் திருவனந்தபுரத்திலுள்ள கோட்டை காவல் நிலையத்தில் உதயகுமார் என்ற தொழிலாளி உயிரிழந்தார். காவலர்கள் எடுத்துக்கொண்ட 4,020 ரூபாயைத் திருப்பிக் கேட்டதால், இரும்புக் குழாயை உருட்டி வதைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

தாய் பிரபாவதி அம்மா சளைக்காமல் போராடினார். 2018-இல் சிபிஐ நீதிமன்றம் இரு காவலர்களுக்கு மரண தண்டனை விதித்தது. 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் தண்டிக்கப்பட்டவர்களை விடுவித்தது.

கதைக்களத்தை மராட்டிய மண்ணுக்கு மாற்றி, அனந்த் மகாதேவன் இந்தப் போராட்டத்தை ‘மாயி காட்: கிரைம் நம்பர் 103/2005’ என்று மராத்தியில் படமாக்கினார். தாயாக நடித்த உஷா ஜாதவ், 2019 கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றார்.

காக்கியின் அத்துமீறலைத் தட்டிக்கேட்ட ஓர் ஏழைத் தாயின் துணிவு, மொழி கடந்தும் பேசப்பட வேண்டியது.