புள்ளியா, காற்புள்ளியா?

பன்னிரண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழே கால். இந்த எண்ணை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இலக்கத்தில் எழுதுங்கள் பார்ப்போம்.

12,34,567.25 என்று எழுதியிருப்பீர்கள். சரிதான். ஆனால் அமெரிக்க மாணவன் ஒருவன் இதையே 1,234,567.25 என்று எழுதுவான். லட்சமும் கோடியும் அவனுக்குப் பழக்கமில்லை. மும்மூன்று இலக்கமாகவே பிரிப்பான். ஜெர்மனியில் படிக்கும் ஒரு மாணவி என்ன எழுதுவாள் தெரியுமா? 1.234.567,25! நாம் காற்புள்ளி வைக்கும் இடத்தில் அவள் புள்ளி வைக்கிறாள். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் காற்புள்ளி வைக்கிறாள். பிரான்சிலும் தசமத்துக்குக் காற்புள்ளிதான். ஆனால் ஆயிரங்களைப் பிரிக்கச் சிறிது இடம் விடுவார்கள்: 1 234 567,25.

இவர்களில் யாரும் தவறு செய்யவில்லை. தசம பின்னங்களை ஐரோப்பாவில் பரப்பிய சைமன் ஸ்டெவின், 1585-இல் வெளியிட்ட தம் சிறு நூலில் புள்ளியும் வைக்கவில்லை, காற்புள்ளியும் வைக்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்துடனும் வட்டமிட்ட எண் ஒன்றை எழுதி அதன் இடத்தைக் குறித்தார். பின்னர் வந்தவர்கள் தத்தமக்குப் பிடித்த குறியை வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் புள்ளி நிலைத்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் காற்புள்ளி நிலைத்தது. ஆங்கிலேயர் வழியாகப் புள்ளி நம்மிடம் வந்து சேர்ந்தது.

இனி கணிப்பொறிக்கு வருவோம். 3.14 என்ற எண்ணைக் கணிப்பொறிக்குக் கொடுக்கிறீர்கள். அது பெரும்பாலும் 64 பிட்டுகள் கொண்ட இரும எண்ணாக, அதாவது வெறும் 0-களும் 1-களுமாக, உள்ளே போய் உட்காருகிறது. அங்கே புள்ளியைத் தேடினால் கிடைக்காது. காற்புள்ளியும் கிடைக்காது. விசைப்பலகையிலிருந்தோ கோப்பிலிருந்தோ எழுத்துகளாக வருவதை எண்ணாக மாற்றும்போதும், உள்ளே இருக்கும் எண்ணைத் திரையில் எழுத்துகளாக மாற்றும்போதும்தான் இந்தக் குறிகள் வேண்டியிருக்கின்றன. உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். அந்த இரு வாசல்களிலும், "எந்த ஊர் வழக்கப்படி?" என்ற கேள்வி எழுகிறது.

அக்கேள்விக்கான விடையைத்தான் 'லொகேல்' என்கிறார்கள். இடவழக்கு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய 'சி' மொழியை எடுத்துக்கொள்வோம். அதற்கு முதலில் புள்ளி மட்டுமே தெரியும். 1989-இல் அம்மொழிக்குத் தர நிர்ணயம் செய்தபோது லொகேலையும் சேர்த்தார்கள். தசமக் குறி எது, ஆயிரங்களைப் பிரிக்கும் குறி எது, எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை பிரிப்பது என்ற விவரமெல்லாம் அதில் ஒரு சிறு பட்டியலாக இருக்கும். இந்தியாவுக்கான பட்டியலில் 3, 2 என்று இருக்கும். வலது கோடியிலிருந்து முதலில் மூன்று இலக்கம், அதன்பின் இரண்டிரண்டாகப் பிரி என்று அர்த்தம். நம் லட்சமும் கோடியும் இரண்டே எண்களில் அடங்கிவிடுவது அழகாக இல்லையா?

வசதிதான். ஆனால் இதிலே ஒரு பொறியும் இருக்கிறது. 2 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பைக் கணக்கிட 'சி' மொழியில் ஒரு புரோகிராம் எழுதுகிறீர்கள். பையின் மதிப்பு ஒரு கோப்பில் 3.14 என்று இருக்கிறது. விடை 12.56 சதுர சென்டிமீட்டர். அதையே ஜெர்மனியிலுள்ள ஒரு நண்பருக்கு அனுப்புகிறீர்கள். 'சி' புரோகிராம் தொடங்கும்போது புள்ளி வழக்கில்தான் இருக்கும். ஆனால் "இந்தக் கணிப்பொறியின் வழக்கை ஏற்றுக்கொள்" என்று ஓர் ஆணை அதில் இருந்தால், அங்கே ஜெர்மன் வழக்குக்கு மாறிவிடும். பிறகு கோப்பைப் படிக்கிறது. 3 வருகிறது; சரி. அடுத்து ஒரு புள்ளி. இந்த வழக்கில் புள்ளி தசமக் குறியல்லவே! படிப்பதை அங்கேயே நிறுத்திவிடுகிறது. பை 3 ஆகிவிட்டது. விடை 12.

'சி ஷார்ப்' என்ற மொழியில் எழுதியிருந்தால் இன்னும் வேடிக்கை. ஜெர்மன் வழக்கில் புள்ளி ஆயிரம் பிரிக்கும் குறி. அது எந்த இடத்தில் இருக்கிறது என்று அம்மொழி சரிபார்ப்பதில்லை. தள்ளிவிட்டு மேலே படிக்கிறது. பையின் மதிப்பு 314! விடை 1256.

ஒரே கோப்பு, 12.56, 12, 1256 என்று மூன்று விடைகள். பிழை என்று ஒரு செய்தியும் திரையில் வராது. வட்டத்தின் பரப்பென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அந்த எண் 2.5 மில்லிகிராம் மருந்தைக் குறித்திருந்தால், 25 மில்லிகிராம் என்றல்லவா படிக்கப்பட்டிருக்கும்?

'பைதான்' மொழி இவ்விஷயத்தில் கண்டிப்பானது. எழுத்தை எண்ணாக மாற்றும்போது எந்த ஊராயிருந்தாலும் புள்ளியைத்தான் ஏற்கும். 3,14 என்று கொடுத்தால் பிழை என்று கூச்சலிட்டு நின்றுவிடும். எனக்கு இந்தக் கூச்சல் பிடித்திருக்கிறது; சத்தமில்லாமல் வரும் தவறான விடையைக் கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகும்.

வெளியே போகும் வாசலிலும் தொல்லை உண்டு. வகுப்பு மாணவர்களின் பெயர், உயரம், எடை ஆகியவற்றைக் காற்புள்ளியால் பிரித்து ஒரு கோப்பில் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் வழக்கில் கபிலன்,1.62,48.5 என்று வரும்; மூன்று பகுதிகள். ஜெர்மன் வழக்கில் கபிலன்,1,62,48,5 என்று வரும். எண்ணிப் பாருங்கள், ஐந்து பகுதிகள்! கபிலனின் உயரம் 1 மீட்டர், எடை 62 கிலோ ஆகிவிடும். இதனால்தான் ஜெர்மனியில் இத்தகைய கோப்புகளைப் பெரும்பாலும் அரைப்புள்ளியால் பிரிக்கிறார்கள்.

தேர்ந்த புரோகிராமர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வார்கள்: இந்த எண்ணைப் படிக்கப்போவது மனிதரா, இன்னொரு புரோகிராமா? மனிதர் என்றால் அவருடைய ஊர் வழக்கிலேயே காட்டுவார்கள். புரோகிராம் என்றால் எங்கும் மாறாத ஒரே வழக்கில், அதாவது தசமத்துக்குப் புள்ளி வைத்து, ஆயிரங்களைப் பிரிக்காமல் எழுதுவார்கள். 'சி ஷார்ப்' மொழியில் இதற்கென்றே 'மாறா வழக்கு' ஒன்று இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் படித்தால் ஜெர்மனியிலும் 3.14 என்பது 3.14-தான்.

மனிதர்களுக்குள்ளாவது ஓர் உடன்பாடு ஏற்பட்டதா? எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு 2003-இல் ஒரு தீர்மானம் செய்தது. தசமக் குறி புள்ளியாகவும் இருக்கலாம், காற்புள்ளியாகவும் இருக்கலாம். ஆனால் இலக்கங்களைப் பிரிக்கும் இடைவெளியில் இவ்விரண்டையும் போடக்கூடாது என்பது அதன் சாரம். 1948-லேயே இம்மாநாடு இடைவெளியைப் பற்றி இப்படித்தான் சொல்லியிருந்தது. நம் கடை ரசீதுகளும் வங்கிப் புத்தகங்களும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை!

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். விண்டோஸ் கணிப்பொறியில் வட்டார அமைப்பு என்ற பகுதிக்குச் சென்று, எண் வடிவத்தை ஜெர்மன் என்று மாற்றுங்கள். எக்ஸெலைத் திறந்து ஒரு கட்டத்தில் 3.5 என்று அடியுங்கள். மூன்றரை வராது. மே மாதம் 3-ஆம் தேதி வந்து நிற்கும், ஏனெனில் ஜெர்மானியர் தேதியையும் மாதத்தையும் புள்ளி வைத்துத்தான் பிரிக்கிறார்கள். பள்ளிக் கணிப்பொறியாக இருந்தால் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோதனை முடிந்ததும் பழைய அமைப்புக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள். அடுத்து வந்து மதிப்பெண் பட்டியல் போடுகிறவர் திண்டாடிப்போவார்.