பயிற்சியாளர் என்றொரு பணி

“தொண்டு நிறுவனத்தில் பயிற்சியாளருக்கு என்ன வேலை?” என்று வகுப்புத் தோழர் ஒருவர் வினவினார். செப்டிமா கிளார்க் அம்மையாரின் வாழ்க்கையையே நான் விடையாகக் கூறினேன்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் 40 ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றிய கறுப்பினப் பெண்மணி அவர். நிறவெறியை எதிர்த்த சங்கத்தை விட்டு விலக மறுத்ததால் 1956-இல் வேலை இழந்தார். டென்னசி மாநிலத்தின் ஹைலாண்டர் பள்ளி அவருக்குப் பயிலரங்கங்களை நடத்தும் பொறுப்பைத் தந்தது.

எழுத்தறிவுத் தேர்வைக் காட்டிக் கறுப்பர்க்கு வாக்குரிமை மறுக்கப்பட்ட காலம் அது. 1957-இல் ஜான்ஸ் தீவில் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கிற்று. அதன் ஆசிரியை ஓர் அழகுக்கலைஞர். “நீங்கள் என்ன கற்க விரும்புகிறீர்கள்?” என்றே அவர் தொடங்கினார். கற்றவர்கள் வாக்காளராயினர், அத்தகையோர் சிலர் பிற ஊர்களில் ஆசிரியராயினர்.

தாம் இல்லாதபோதும் பணி தொடர ஆள்களை உருவாக்குவதே பயிற்சியாளரின் தொழில். நண்பர்களே, நாம் பெற்ற எழுத்தை யாரிடம் ஒப்படைக்கப் போகிறோம்?