அவரையில் அசுவினி: மருந்து தெளிக்க வேண்டிய தருணம் எது?

அவரைப் பந்தலில் அசுவினிப் பூச்சியைக் கண்டவுடன் குடியானவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "எந்த மருந்தை அடிக்கலாம்?" என்பதே. அதற்கு முன்பு கேட்க வேண்டியது வேறொன்று உண்டு. இப்பொழுது மருந்து அடிக்கத்தான் வேண்டுமா என்பது அது. இதற்கு விடை காணாமல் புட்டியைத் திறப்பவர் பணத்தை இழப்பதுடன் சில சமயங்களில் காயையும் இழக்கிறார். இதை நான் புத்தகத்தில் மாத்திரம் படித்தறிந்தவனல்லன். என்னுடைய யோசனையினாலேயே ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த நஷ்டத்திலிருந்தும் கற்றுக்கொண்டேன். அதைப் பின்னர் கூறுகிறேன்.

திருவொற்றியூர் 2011-ல் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. வயல் என்று சொல்லத்தக்கது இங்கே இன்று அநேகமாக இல்லை. ஆயினும் கொல்லைப் பந்தலும் மாடித் தோட்டமும் இன்னும் இருக்கின்றன. மேற்கே மணலியையும் வடக்கே மீஞ்சூரையும் நோக்கிச் சென்றால் காய்கறி பயிரிடுவோரையும் காணலாம். கொடி அவரையை ஆடியில் ஊன்றினால், பகற்பொழுது குறுகும் ஐப்பசி கார்த்திகையில் பூ எடுத்து, மார்கழி தையில் காய்க்கும். பொங்கற் கூட்டுக்கு அவரையும் மொச்சையும் வேண்டப்படுவதால் அச்சமயத்தில் காய்க்கு நல்ல கிராக்கி உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பனியும் மூட்டமுமாக இருக்கும் அந்த நாட்களில்தான் அசுவினியும் பெருகுகிறது. பெருமழை பெய்யும்போது பூச்சிகளிற் பெரும்பாலானவை கழுவுண்டு போகும். ஆகையால் மழைக் காலத்தில் இதற்கென்று மருந்து தெளிப்பது வீண் செலவு. மழை விட்ட பிறகே கவனம் வேண்டும்.

நம் அவரை, காராமணி, நிலக்கடலை ஆகியவற்றில் கூட்டங்கூட்டமாக அடையும் கருநிற அசுவினிக்குச் சாஸ்திரத்தில் ஏபிஸ் கிராக்சிவோரா என்று பெயர். வளர்ந்த பூச்சி பளபளப்பான கறுப்பாகவும், குஞ்சுகள் மாவு பூசினாற்போன்ற சாம்பல் நிறமாகவும் இருக்கும். இங்கிலாந்தில் அவரையினத்தைத் தாக்கும் கறுப்பு அசுவினி குளிர்காலத்தை முட்டையாக ஒரு காட்டுப் புதர்ச் செடியில் கழிக்கிறது. அம்முட்டைகளை எண்ணிப் பார்த்து, வரப்போகும் கோடையில் பூச்சி மிகுமா குறையுமா என்று அங்குள்ளோர் முன்கூட்டியே மதிப்பிட்டு வந்திருக்கின்றனர். நமக்கு அவ்வசதி இல்லை. நம் நாட்டுச் சமவெளியில் இப்பூச்சி ஆண் துணையின்றியே ஆண்டு முழுவதும் குஞ்சு ஈனுகிறது. பிறந்த குஞ்சு ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானும் தாயாகிறது. அவரை இல்லாத காலத்தில் வேலியிலுள்ள கிளைரிசிடியாவிலும் களைச் செடிகளிலும் தங்கியிருந்து, கூட்டம் நெருங்கியதும் இறக்கை முளைத்துப் பறந்து வருகிறது.

இதன் பெருக்கத்தை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஏற்ற பருவத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை இதன் தொகை இரட்டிக்கும். மூன்று நாள் என்றே வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை ஓரங்குலத் தண்டில் 5 பூச்சி இருந்தால், வியாழனன்று 10, ஞாயிறன்று 20, அடுத்த புதனன்று 40 ஆகும். வாரத்துக்கு ஒருமுறை பந்தலைப் பார்ப்பவர் ஒரு வாரம் "ஒன்றுமில்லை" என்றும் மறுவாரம் "எல்லாம் போயிற்று" என்றும் கூறுவதற்குக் காரணம் இதுவே. எனவே பூ எடுக்கத் தொடங்கியபின் மூன்று நாட்களுக்கொருமுறை பார்ப்பது அவசியம்.

பார்க்கும்போது கண் ஏமாறுவதும் உண்டு. அசுவினி கழிக்கும் தேன் போன்ற நீர் இலைமேல் விழ, அதில் கரும்பூஞ்சாணம் படர்ந்து இலை கறுக்கும். ஆனால் நம் பக்கத்தில் இலை கறுப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம். எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை ஓடியது. அதன்பின்னும் இவ்வட்டாரத்தில் நிலக்கரி எரிவதும் ஏற்றி இறக்கப்படுவதும் நிற்கவில்லை. புகைக்கரி படிந்த இலையைப் பூச்சி நோயென்று கருதி மருந்து தெளித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பூஞ்சாணமானால் இலை பிசுபிசுக்கும், கறுப்பு மெல்லிய ஏடாக உரியும், நேர் மேலேயுள்ள கொழுந்தில் பூச்சி இருக்கும். கரித்தூளானால் பிசுக்கின்றி விரலில் ஒட்டும். பக்கத்துச் சுவரிலும் அதே கறுப்பைக் காணலாம். மேலும், பூச்சி உரித்துப்போட்ட வெண்ணிறச் சட்டைகள் இலையில் சிதறிக் கிடக்கும். அவற்றையும் பூச்சியென்று எண்ணிக் கணக்கைப் பெருக்கிவிடக் கூடாது.

இவற்றினும் பெரிய தவறு நண்பனைப் பகைவனென்று எண்ணுவது. பொறிவண்டை யாவரும் அறிவர். அதன் புழுவை அறிந்தவர் சிலரே. கருஞ்சாம்பல் உடலில் மஞ்சளோ வெண்மையோ கலந்த புள்ளிகளுடன், சிறு முதலை வடிவில் அது அசுவினிக் கூட்டத்தினிடையே ஊர்ந்து நாளொன்றுக்குப் பத்துப் பத்தாகத் தின்னும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று பறக்கும் மஞ்சள் வரி ஈயின் காலற்ற புழுவும், கண்ணாடி இறக்கைப் பூச்சியின் குஞ்சும் அவ்வாறே தின்பவை. அன்றியும், சில அசுவினிகள் உப்பி வைக்கோல் நிறமாகி அசையாதிருக்கும். அவற்றுள் ஒரு நுண்ணிய குளவியின் புழு வளர்கிறது என்றறிக. எறும்போ மறுபக்கம். தேன்நீருக்காக அசுவினியைக் காத்து, பொறிவண்டை விரட்டும். பந்தற்காலில் எறும்பு வரிசையாக ஏறுவதே பலமுறை எனக்கு முதற் செய்தியாக இருந்திருக்கிறது.

இனி, முன்னர் குறிப்பிட்ட நஷ்டத்தைக் கூறுகிறேன். நான் டிப்ளமோ முடித்து உத்தியோகத்தில் சேர்ந்த புதிது. சாத்தாங்காட்டுப் பக்கம் ஒரு மூதாட்டியின் பந்தலில், பொங்கலுக்கு மூன்று வாரம் இருக்கையில், கொழுந்தெல்லாம் கறுத்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் மருந்து தெளிக்கச் சொன்னேன். தெளித்தோம். இரண்டு நாள் பந்தல் சுத்தமாக இருந்தது. பத்தாம் நாள் பூச்சி முன்னிலும் அடர்ந்து பிஞ்சுகளின் மேலேயே அடைந்துவிட்டது. பொறிவண்டு ஒன்றுகூட இல்லை. பொங்கற் காய் பிசுக்கும் கறுப்புமாக இருக்கவே, வாங்க வந்தவர் கூடையைத் திருப்பித் தந்துவிட்டார். அப்பொழுது அந்த அம்மாள், "ஐயா, நீங்கள் வருவதற்கு முன்பே முதலை மாதிரி ஒரு புழு நிறைய இருந்தது, அதுதான் தின்கிறதென்று தினம் நசுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்" என்றார். அவர் கையால் செய்ததை நான் மருந்தால் முடித்து வைத்தேன். பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பந்தலில் ஏறக்குறைய அதே அளவு பூச்சியைக் கண்டபோது, இரண்டு கொழுந்துக்கு ஒன்றில் பொறிவண்டுப் புழுவும் உப்பிய அசுவினியும் இருந்தன. எறும்பைத் தடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் கணக்கு பாதியாகக் குறைந்திருந்தது. அந்தப் பருவம் மருந்தின்றியே கழிந்தது.

ஆகவே எண்ணாமல் முடிவு செய்யலாகாது. பந்தலின் நான்கு பக்கத்திலும் நடுவிலும் நந்நான்காக 20 கொழுந்துகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். கண்ணுக்குப் பட்ட கெட்ட கொழுந்துகளையே பொறுக்கக் கூடாது. பூச்சியற்றதும் கணக்கில் சேரும். ஒவ்வொன்றிலும் நுனியிலிருந்து ஓரங்குல நீளத்தில், அதாவது 2.5 சென்டிமீட்டரில், உள்ள பூச்சிகளை எண்ணிச் சராசரி காண வேண்டும். பயறு வகைகளின் அசுவினிக்கு நம் மாநிலத்தில் சொல்லப்படும் வரம்பு அந்த நீளத்துக்கு 20 என்பதாகும். இவ்வரம்பு கல்லில் எழுதியதன்று. வரம்பை எட்டியும் நண்பர்கள் மிகுந்திருந்தால் மூன்று நாள் பொறுத்து மறுபடி எண்ணலாம். எட்டாவிட்டாலும், நண்பர்கள் ஒன்றுமில்லாமல், மூட்டமான பனி நாட்களில், பூங்கொத்திலேயே பூச்சி அடையத் தொடங்கினால், நான் பொறுக்கச் சொல்லமாட்டேன். மொட்டிலிருந்து பிஞ்சு வரையுள்ள காலமே பயிருக்குப் பெருநஷ்டம் விளைவது. காய் முற்றிப் பறிப்பு முடியும் தறுவாயிலோ எவ்வளவு பூச்சி இருந்தாலும் செலவு செய்வதில் பயனில்லை.

செலவையும் காயையும் நிறுத்துப் பார்ப்பதே இவ்வரம்பின் அடிப்படை. உதாரணமாக, மருந்துக்கும் கூலிக்கும் 600 ரூபாய் ஆகுமென்றும், காய் கிலோ 40 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், 15 கிலோவுக்கு மேல் காய் சேதமாகும் என்று தோன்றினாலன்றித் தெளிப்பது லாபமாகாது. இந்த எண்ணம் உருப்பெற்றதும் ஓர் அசுவினியினால்தான். 1954-ல் அமெரிக்காவில் முதன்முதலாகக் காணப்பட்ட புள்ளி அசுவினி, கலிபோர்னியாவின் குதிரைமசால் வயல்களைப் பாழாக்கியது. மேன்மேலும் தெளித்த மருந்துக்கு அது பழகிப்போயிற்று. அதன் பகைவர்களே மாண்டன. அவ்வனுபவத்தைக் கொண்டு ஸ்டெர்ன் முதலிய நால்வர் 1959-ல் எழுதிய கட்டுரையில்தான், எந்த அளவில் கட்டுப்படுத்தத் தொடங்க வேண்டும் என்னும் வரம்பு தெளிவாக வகுக்கப்பட்டது. அதற்கு முந்திய தலைமுறையில் சோப்புக் கரைசலும் புகையிலைக் கஷாயமுமே கைவசம் இருந்தன. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் டி.டி.டி. போன்றவை வந்த பிறகுதான் கண்டவுடன் தெளிக்கும் வழக்கம் வலுப்பெற்றது.

ஒரு விஷயத்தில் மாத்திரம் எண்ணிக்கை உதவாது. இலை பச்சையும் வெளிறலுமாகத் தேமல் கண்டு சுருங்கினால், சில சமயம் அது அசுவினி கொண்டுவந்த நோயாக இருக்கலாம். இறக்கையுள்ள பூச்சி சில நிமிஷம் குத்தினாலே நோய் ஒட்டிவிடுமாதலால், பின்னர் மருந்து தெளித்துப் பயனில்லை. இளஞ்செடியானால் பிடுங்கி எரிக்க வேண்டும். அதிலிருந்து விதையும் எடுக்கக் கூடாது. பளிச்சென்ற மஞ்சள் தேமலோ வெள்ளை ஈயினால் பரவுவது. அதற்கு அசுவினியைப் பழிப்பது தவறு.

கட்டுப்படுத்தத்தான் வேண்டுமென்று தீர்மானமானால், வீட்டுப் பந்தலுக்குக் கத்தரிக்கோலே முதல் மருந்து. பூச்சி அடைந்த நுனிகளைக் கிள்ளி வாளி நீரில் போடலாம். காலையில் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினாலும் பெரும்பகுதி உதிரும். அதற்கும் அடங்காவிட்டால், லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு சிறிது நீரில் ஊறவைத்து, வடிகட்டி, மீதி நீரும் கொஞ்சம் சோப்பும் கலந்து மாலையில் தெளிக்கவும். கடை மருந்தானால், சீட்டில் அவரைக்கென்று குறித்திருக்கிறதா, தெளித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று போட்டிருக்கிறது ஆகிய இரண்டையும் பாராமல் தொடவேண்டாம். அவரையை மூன்று நான்கு நாட்களுக்கொருமுறை பறிக்கிறோம். பத்து நாள் காத்திருக்கச் சொல்லும் மருந்தைத் தெளித்தால் நடுவிலுள்ள இரண்டு மூன்று பறிப்புகளைக் குப்பையில் கொட்ட வேண்டியதுதான். மோனோகுரோட்டோபாஸ் என்னும் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்துவது 2005-லேயே தடுக்கப்பட்டது. பழைய பழக்கத்தால் அதை இன்னும் கேட்பவர்கள் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

எதைத் தெளித்தாலும் மூன்றாம் நாள் அதே 20 இடங்களில் மீண்டும் எண்ணி, தேதியுடன் பந்தற்காலிலேயே சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைக்கலாம். அடுத்தமுறை நான் வரும்போது முதலில் அதைத்தான் பார்ப்பேன்.