லைக்குக்கு ஏங்கும் இங்கிரிட்

அழைக்காத கல்யாணத்துக்குப் போய் மணப்பெண் முகத்தில் மிளகு ஸ்பிரே அடிக்கிறாள் இங்கிரிட். இன்ஸ்டாகிராமில் பார்த்துப் பார்த்து, அவளைத் தோழி என்றே நம்பியிருந்தும் அழைக்கவில்லையே என்ற கோபம். 2017-இல் மேட் ஸ்பைசர் இயக்கிய 'இங்கிரிட் கோஸ் வெஸ்ட்' இப்படித்தான் தொடங்குகிறது. சன்டான்ஸ் விழாவில் திரைக்கதை விருது பெற்ற படம். நம் பக்கம் பார்த்தவர்கள் குறைவு.

செத்துப்போன அம்மாவின் பணத்தோடு லாஸ் ஏஞ்சலஸ் போகிறாள். அங்கே டெய்லர் என்ற இன்ஸ்டா பிரபலம். நெருங்க வழி? டெய்லரின் நாயைத் திருடி, கண்டெடுத்ததாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்! விழுந்து விழுந்து சிரித்தேன். இங்கிரிட்டாக வரும் ஆப்ரி பிளாசாவின் முழியைப் பார்த்ததும் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது. டெய்லரின் பகட்டிலும் பாதி வேஷம்தான்.

திருத்தணியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன் நான்; இந்த லைக் ஏக்கத்தை இங்கேயும் பார்க்கிறேன். கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. எங்கள் முருகன் கோயிலுக்கு ஏறும் 365 படிகளுக்கு அந்தக் கவலை இல்லை. படிக்குப் படி செல்ஃபி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வருபவர்களில் சிலர், முருகனைப் பார்க்குமுன்பே லைவ் போட்டுவிடுகிறார்கள். மொட்டை போட்ட தம்பி ஒருவன் கடைக்கு வந்து, "அண்ணா, சந்தனம் இன்னும் பளிச்சுனு தெரியணும், ரீல்ஸுக்கு" என்றான்.

படத்தின் முடிவைச் சொல்ல மாட்டேன். இங்கிரிட் கடைசியில் சிரிக்கிறாள். எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பதில்தான் இயக்குநரின் குசும்பு.