கலங்கலைப் பாருங்கள்

செஞ்சிக்கு அருகே அனந்தபுரம் வட்டாரத்தில் ஏரியின் வலிமையைக் கரையின் உயரத்தை வைத்து எடைபோடுகிறவர்கள் உண்டு. எடைபோட வேண்டியது, மிகை நீர் வழிந்தோடும் கலங்கலை. ஏரிக்கரை என்பது ஒரு சிறிய மண் அணை. களிமண் கலந்த மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டிக் கெட்டித்து, இருபுறமும் சரிவு விட்டு, அலை அரிக்காமலிருக்க நீர்ப்பக்கம் கல் பதித்திருப்பார்கள். ஓரளவு கசிவை அது தாங்கும். தலைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் தாங்காது. வெளிச்சரிவு அரித்துக்கொண்டே போய் உடைப்பெடுத்துவிடும். அதனால்தான் கரையைவிடத் தாழ்வாகக் கல்லில் கலங்கல் கட்டி, மிகை நீருக்கு வழிவிட்டார்கள்.

கலங்கலில் மணல் மூட்டை அடுக்கினால் கூடுதல் தண்ணீர் நிற்காதா? நிற்கும். ஆனால் நீர்மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவே வேண்டுமென்றே விட்ட இடைவெளி குறைந்துவிடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் கரையைக் காப்பது அந்த இடைவெளிதான். கலங்கலில் வழிவது வீணும் அல்ல, அடுத்த ஏரியின் வரத்து அது. திருவண்ணாமலை மாவட்டம் கீரனூரில் துரிஞ்சலாற்றிலிருந்து பிரியும் நந்தன் கால்வாய், சுமார் 38 கி.மீ. ஓடி, 36 ஏரிகளுக்கு நீர் தரும் வழியாக அமைந்தது. கடைசியில் இருப்பது, ராஜசிம்ம பல்லவனின் கோயில் நிற்கும் பனமலையின் ஏரி. மேலே எவர் மறித்தாலும் அடி விழுவது அங்கேதான்.

ஆழமில்லாத ஏரிகளில் பாதி நீர் வெயிலுக்கே போகிறது, வீடூர் போன்ற அணை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆவியாவது உண்மை. ஆனால் 1959இல் சங்கராபரணியின் குறுக்கே முடிக்கப்பட்ட வீடூரும் மண் அணைதான். அதன் நீர் அதற்குக் கீழே உள்ள நிலங்களுக்கே பாயும், மேற்கே மேட்டிலிருக்கும் அனந்தபுரத்துக்கு ஏறி வராது. இது பாறைப் பூமி வேறு. நிலத்தடி நீர் சிதைந்த பாறையின் மேலடுக்கிலும் வெடிப்புகளிலும்தான் தங்கும் என்பதால், கிணற்றுக்குப் பக்கத்திலேயே நீர் ஊற வேண்டும். அப்படியானால் ஏரியை ஆழமாகத் தோண்டலாமே என்றால், மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது. கரையோரம் தோண்டினால் கரையே பலவீனப்படும். தூர்வாரக் கிடைக்கும் பணத்தை முதலில் வரத்துக் கால்வாய்க்கும் கலங்கலுக்கும் செலவிடுவதே சரி.