மலைக்கனியும் ஆய்வுப் பணியும்

நுழையும்முன்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்வோர் அருவியைக் கண்டு மகிழ்கின்றனர்; அருவிக்கு மேலுள்ள காட்டை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அக்காட்டுச் செடிகள் பலவற்றின் பண்புகள் இன்னும் முழுமையாக ஆராயப்படவில்லை. அவற்றை ஆராய்வதையே வாழ்க்கைப் பணியாகக் கொள்ள இயலுமா? இயலும் என்பதையும் அதற்குரிய வழியையும் விளக்குகிறது இக்கட்டுரை.

வினாவில் தொடங்கிய ஆய்வு

குற்றாலத்திற்குத் தெற்கே பொதிகை எனப்படும் அகத்தியமலை அமைந்துள்ளது. 1987ஆம் ஆண்டு, அம்மலையில் களஆய்வு செய்த அறிவியலாளர்கள் நடந்து களைத்தனர். வழிகாட்டிகளாக உடன்சென்ற காணி இனத்தவரோ ஒருவகைச் சிறுகனியை உண்டு சோர்வின்றி நடந்தனர். அது ஏன் என அறிவியலாளர்கள் வினவினர். அவ்வாறு அறியவந்த செடியே ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம், அச்செடியுடன் வேறு மூலிகைகளையும் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. அதன்வழிக் கிடைக்கும் உரிமத்தொகையில் பாதி, அறிவை வழங்கிய காணி மக்களுக்கு உரியதாயிற்று.

இத்தகைய ஆய்வில் செடியை இனங்காணத் தாவரவியலாரும், வேதிப்பொருளைப் பிரித்தறிய வேதியியலாரும், பயனையும் நச்சுத்தன்மையையும் சோதிக்க மருந்தியலாரும் தேவை.

ஆய்வகத்திற்கு வெளியே

1956இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. வீட்டிலிருந்தே முறையாக மருந்துண்ணும் நோயாளரும் மருத்துவமனையில் தங்குவோர்க்கு இணையாகக் குணமடைவர் என்பதை அதன் ஆய்வு உலகிற்குக் காட்டியது. இதற்கு மருத்துவர் மட்டும் போதுமா? நோயாளரைத் தொடர்ந்து கண்காணிக்கக் களப்பணியாளரும், தரவுகளைப் பகுத்தறியப் புள்ளியியலாரும் வேண்டும். ஆகவே, மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காதவர்க்கு உயிரியல் துறையில் எதிர்காலமே இல்லை எனக் கருதுவது பிழையாகும்.

பணியை அடையும் வழி

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயின்றோர், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வை எழுதலாம். அருகிலுள்ள கல்லூரியில் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் முதலியவற்றைப் பயின்றும் முன்னேறலாம். கல்லூரிக் காலத்தில் அறிவியல் கழகங்கள் வழங்கும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தல் நன்று. முதுகலைப் பட்டத்திற்குப் பின் நெட், கேட் போன்ற தேர்வுகள் முனைவர் பட்ட ஆய்விற்கு வழி திறக்கின்றன. நெட் தேர்வின்வழி இளநிலை ஆய்வாளராகத் தேர்ந்தோர்க்கு 2023 முதல் மாத உதவித்தொகை 37,000 ரூபாய்.

ஆய்வுத்திட்டப் பணிகளுக்கான அறிவிப்புகள் நிறுவனங்களின் இணையதளங்களில் வெளியாகின்றன. அவற்றுள் பல தற்காலிகமானவை. எனினும், அங்குப் பெறும் பட்டறிவு அடுத்த பணிக்குத் துணையாகும். அறிவியலாளர் ஒருவருக்கு விண்ணப்பம் எழுதுமுன் அவருடைய ஆய்வுக் கட்டுரையைப் படித்தல் வேண்டும். அதில் எழுந்த ஐயத்தையும் தாம் கற்ற செய்முறையையும் கடிதத்தில் சுருக்கமாகக் குறிப்பிடல் வேண்டும். பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருவதாகக் கூறுவோரை நம்பலாகாது.

நிறைவாக

ஆய்வுப் பணிக்கு நீண்ட படிப்பும் பொறுமையும் தேவை. ஆனால், அதன் முதற்படியை இன்றே எடுத்து வைக்கலாம். உம் ஊரில் வளரும் செடி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது பூக்கும் காலத்தையும், அதை நாடிவரும் பூச்சிகளையும், பெரியோர் கூறும் பயனையும் நாள்குறித்து எழுதி வாருங்கள். அக்குறிப்பேடே உங்கள் முதல் ஆய்வாகும்.